பூனையின் பங்கு: நோயுற்ற வாயில்லா உயிருக்கு உணவிட்ட வரலாறு

திருமுருகன்பூண்டி, அவிநாசி, அனுப்பர்பாளையம் வட்டாரத்தில் பூனை இல்லாத தெருவைக் காண்பது அரிது. துணிப் பண்டல்கள் அடுக்கிய கிடங்குகளில் எலி சேர்கிறது. எலியைத் தேடிப் பூனை வருகிறது. வந்த பூனை பிள்ளைகளின் அன்புக்கு ஆளாகி வீட்டுப் பூனையாகிவிடுகிறது. பாலும் சோறும் தின்று, பாயின் ஓரத்தில் உறங்கி, குடும்பத்தில் ஒன்றாக வளர்கிறது.

அந்தப் பூனைக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டுவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. தொழுகிற இடம் அசுத்தமாகிறதே என்று வீட்டார் கவலைப்படுகின்றனர். கவலை நியாயமானதே. ஆனால் அதற்குக் காணும் தீர்வு பல வீடுகளில் ஒன்றாகவே இருக்கிறது. பூனையைச் சாக்கில் கட்டி, வண்டியில் ஏற்றி, திரும்பி வர இயலாத தூரத்தில் விட்டுவிடுகின்றனர். நலமாக இருந்தவரை நம் வீட்டு உயிராக இருந்தது, நோயுற்ற மறுநாள் யாருடையதும் அல்லாததாகிவிடுகிறது.

இது முறைதானா என்பதை நாம் நம் மார்க்கத்தின் வரலாற்றிடமே கேட்க வேண்டும். பூனைக்கு உணவிடுதல் பற்றி அவ்வரலாறு நிறையவே பேசுகிறது. எதை உணவாக இடவேண்டும் என்பதற்கும், நோயுற்ற உயிரின் மீது நமக்குள்ள கடமைக்கும் அதில் தெளிவான வழிகாட்டல் உண்டு.

நபித்தோழர்களின் வீடுகளில்

பூனை பற்றி நம் சமூகத்தில் அதிகம் சொல்லப்படும் கதை, நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையில் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி ஆடையின் கையை வெட்டிக்கொண்டார்கள் என்பதாகும். அந்தப் பூனைக்கு முஅஸ்ஸா என்று ஒரு பெயரும் கூறப்படுகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் ஹதீஸ் நூல்களில் இதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரமுள்ள செய்திகளே போதுமான அளவு இருக்கும்போது, ஆதாரமற்றதைச் சுமக்கும் தேவை நமக்கில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களிலும் கப்ஷா என்னும் பெண்மணி அறிவிக்கும் நிகழ்ச்சி இடம்பெறுகிறது. அவர் தம் மாமனார் அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்வதற்காகப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒரு பூனை அதில் குடிக்க வந்தது. அபூகதாதா (ரலி) அதனை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். மருமகள் வியந்து பார்ப்பதைக் கண்ட அவர், பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொழுதுகொண்டிருந்தபோது ஒரு பெண் ஹரீஸா கொண்டுவந்ததையும் அபூதாவூத் பதிவு செய்கிறார். கோதுமையும் இறைச்சியும் சேர்த்துச் சமைக்கும் அவ்வுணவில் ஒரு பூனை வாய் வைத்துவிட்டது. அன்னையார் தொழுகையை முடித்ததும், பூனை தின்ற இடத்திலிருந்தே எடுத்து உண்டார்கள். திர்மிதீயில் காணப்படும் செய்தியின்படி, அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அப்பெயர் வந்ததும் பூனைக்குட்டியால்தான். குடும்பத்தின் ஆடுகளை மேய்த்துவந்த அவர், தம் சிறு பூனையைப் பகலில் உடன் கொண்டுசெல்வார், இரவில் மரத்தில் விட்டுவைப்பார்.

இவற்றோடு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள எச்சரிக்கையும் நாம் நன்கறிந்ததே. ஒரு பெண் பூனையைச் சாகும்வரை அடைத்துவைத்தாள். அதன் காரணமாக நரக வேதனைக்கு உள்ளானாள். இதனைப் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்த ஹதீஸின் ஒரு பகுதியை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். அவள் மீது இரண்டு குற்றங்கள் சுமத்தப்பட்டன. அடைத்துவைத்தபோது உணவும் நீரும் தரவில்லை என்பது ஒன்று. பூமியின் சிற்றுயிர்களைத் தின்று வாழும்படி அதை வெளியேயும் விடவில்லை என்பது மற்றொன்று. பூமியின் சிற்றுயிர்களைக் குறிக்க அங்கே வருகிற அரபுச் சொல் கஷாஷ். பூனைக்கு இறைவன் அமைத்த இயல்பான உணவு எது என்பதை அச்சொல் சுட்டிக்காட்டிவிட்டது. பூனை பிற உயிர்களை வேட்டையாடித் தின்னும் படைப்பு. நம் அடுப்பங்கரையின் மிச்சத்தைத் தின்பதற்கென்று படைக்கப்பட்டதன்று.

சட்ட அறிஞர்கள் வகுத்த கடமை

இந்த ஹதீஸ்களின் அடிப்படையில் சட்ட அறிஞர்கள் இரண்டு வகையான விதிகளை வகுத்தனர். ஒன்று தூய்மை பற்றியது. பூனை வாய் வைத்த மிச்சம் தூய்மையானது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. நம் கொங்கு வட்டாரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபில் அது தூய்மையானதே, எனினும் வேறு தண்ணீர் இருக்கும்போது பயன்படுத்துவது விரும்பத்தகாதது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் அதில் வெறுப்பும் இல்லை என்றார்கள். பூனையின் மலமும் சிறுநீரும் அசுத்தமே. அவை பட்ட இடத்தைக் கழுவிவிட வேண்டும். ஆகவே வயிற்றுப்போக்கு கண்ட பூனையால் வீட்டாருக்கு நேர்வது கழுவும் வேலைதான். அதனை வீட்டைவிட்டு வெளியேற்றும் அனுமதியாக அதை எடுத்துக்கொள்ள இடமில்லை.

மற்றொன்று பராமரிப்பு பற்றியது. 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்), உயிரினத்தை உடைமையாகக் கொண்டவர் மீது அதன் தீவனமும் நீரும் கடமை என்றும், மறுப்பவரை நிர்ப்பந்திக்கலாம் என்றும் எழுதினார்கள். ஹனஃபீ அறிஞர்களிடம், இது நீதிமன்றம் கட்டாயப்படுத்தும் கடமையா, இறைவனிடம் பதில் சொல்லவேண்டிய கடமை மட்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடமை என்பதில் வேறுபாடு இல்லை.

நம் பொருளுக்கு மிக நெருக்கமானவர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்). திமிஷ்கில் வாழ்ந்து, பின்னர் கெய்ரோவில் குடியேறி, ஹிஜ்ரி 660-இல், அதாவது 1262-இல் அங்கேயே மறைந்தவர். அரசர்களிடம் அஞ்சாது பேசியதால் அறிஞர்களின் சுல்தான் எனப் பெயர் பெற்றவர். கவாயிதுல் அஹ்காம் என்னும் தம் நூலில், மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை அவர் வரிசைப்படுத்தினார். அவற்றின் தகுதிக்கேற்ற உணவைத் தருதல் முதல் உரிமை. முதுமையாலோ நோயாலோ அவற்றிடமிருந்து இனி எந்தப் பயனும் கிடைக்காது என்னும் நிலையிலும் அவ்வுரிமை நீங்காது என்பதையும் சேர்த்தே எழுதினார். தாங்க இயலாத சுமையை ஏற்றாதிருத்தலும், அவற்றுக்குத் தீங்கு தருபவற்றோடு அவற்றைச் சேர்த்து வைக்காதிருத்தலும் அதே வரிசையில் உள்ளன.

பயனற்றுப்போன நாளில்தான் உண்மையான கடமை தொடங்குகிறது என்பதை எழுநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இமாம் சட்ட மொழியில் எழுதிவைத்துவிட்டார். எலி பிடிக்கும்வரை வைத்துக்கொண்டு, நோயுற்றதும் சாக்கில் கட்டுகிற வழக்கத்திற்கு அந்த நூலில் இடமில்லை.

கெய்ரோவின் பூனைத் தோட்டம்

இமாம் இஸ்ஸுத்தீன் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த கெய்ரோவில் 1260-இல் சுல்தானாக ஆட்சிக்கு வந்தவர் அழ்ழாஹிர் பைபர்ஸ். மங்கோலியரையும் சிலுவைப் போராளிகளையும் எதிர்த்துப் போரிட்டவர் என்று வரலாற்றுப் பாடங்களில் படிக்கிறோம். அவர் நகரின் வடக்கே தம் பெயரால் ஒரு பெரிய பள்ளிவாசலைக் கட்டினார். அப்பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நலனுக்கென எழுதிவைத்தார் என்னும் செய்தி அந்நகரில் நிலைத்திருந்தது. கைத்துல் குத்தா, அதாவது பூனைத் தோட்டம் என்று அது அழைக்கப்பட்டது.

இதனைப் பதிவு செய்தவர் எட்வர்ட் வில்லியம் லேன் என்னும் ஆங்கிலேயர். 1820களிலும் 1830களிலும் கெய்ரோவில் வாழ்ந்த அவர், எகிப்தியரின் பழக்கவழக்கங்கள் பற்றிய தம் நூலை 1836-இல் வெளியிட்டார். அவர் காலத்திற்குள் அத்தோட்டம் பல கை மாறி விற்கப்பட்டிருந்தது. பூனைகளுக்கெனக் கிடைத்துவந்தது மிகச் சிறிய ஆண்டு வாடகை மட்டுமே. ஆயினும் தர்மச் சொத்துகளின் பொறுப்பாளர் என்ற முறையில், பூனைகளுக்கு உணவிடும் கடமை தலைமைக் காழியின் மீது விழுந்திருந்தது. நீதிமன்றத்தின் பெரிய முற்றத்திற்கு நாள்தோறும் பிற்பகலில் அறுத்த பிராணிகளின் உறுப்பு மிச்சங்கள் கொண்டுவரப்பட்டு, பூனைகள் அழைத்து உண்ணச் செய்யப்பட்டன. அண்மைக் காலத்தில் அக்கடமை முன்போல் நிறைவாக நடைபெறவில்லை என்பதையும் லேன் மறைக்கவில்லை.

இந்தப் பதிவில் நாம் இரண்டு செய்திகளைக் கவனிக்கிறோம். முதலாவது, கொண்டுவரப்பட்ட உணவு இறைச்சி. ரொட்டியோ பாலோ அன்று. பூனைக்கு உரியதையே பூனைக்கு இட்டார்கள். இரண்டாவது, இன்னும் ஆழமானது. கெய்ரோ மக்களிலும் பூனையை வைத்துக்கொள்ள விரும்பாதவர் இருந்தனர். அப்படிப்பட்டோர் பூனையைக் காழியின் முற்றத்தில் கொண்டுவந்து விடுவது வழக்கம் என்கிறார் லேன். அவர்களும் பூனையை விட்டார்கள், நாமும் விடுகிறோம். அவர்கள் உணவு கிடைக்கும் இடத்தில் விட்டார்கள். நாம் உணவு கிடைக்காத இடத்தில் விடுகிறோம்.

மருத்துவம் பூனையை அறிய எடுத்த காலம்

உணவளிக்கும் மரபு இவ்வளவு வளமாக இருந்தும், நோயுற்ற பூனைக்கான மருத்துவம் நெடுங்காலம் வளரவில்லை. கால்நடை மருத்துவத்தை அரபியர் பைத்தரா என்றனர். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்திய சுல்தான் அந்நாஸிர் முஹம்மதிடம் பணியாற்றிய அபூபக்ர் இப்னுல் பத்ர் எழுதிய புகழ்பெற்ற நூல் குதிரைகளை மையமாகக் கொண்டது. போரும் வாணிபமும் குதிரையை நம்பியிருந்த காலம் அது. ஐரோப்பாவிலும் இதுவே நிலை. 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியதற்குக் கால்நடைக் கொள்ளைநோயே முக்கியக் காரணம். நம் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டபோதும் மாடும் குதிரையுமே கவலையாக இருந்தன.

நோய்க்கேற்ற உணவால் வீட்டு விலங்கைப் பேணும் முறை வளர்ந்ததற்கு ஒரு நாயே காரணமாயிற்று. 1939-இல் அமெரிக்காவில் மாரிஸ் ஃபிராங்க் என்னும் பார்வையற்றவரின் வழிகாட்டி நாய் பட்டிக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. அதற்கெனத் தனி உணவைச் சமைத்துக் கொடுத்தார் மார்க் மாரிஸ் என்னும் கால்நடை மருத்துவர். 1948 முதல் அவ்வகை உணவு ஒரு நிறுவனத்தின் வழியே டப்பாக்களில் கிடைக்கத் தொடங்கியது. இன்று மருத்துவர் எழுதித் தரும் செரிமான உணவுகளும் அந்த வழியில் வந்தவையே.

பூனையைச் சிறிய நாயாகவே கருதிய காலம் 1970களில்தான் மறைந்தது. 1975-இல் கே.சி. ஹேய்ஸ் குழுவினர், டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை அழிகிறது என்று காட்டினர். இச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. மனித உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு ஆக்க இயலாது. 1978-இல் மாரிஸ், ரோஜர்ஸ் ஆகிய அறிஞர்கள், ஆர்ஜினின் என்னும் புரதக்கூறு அறவே இல்லாத உணவைத் தின்ற பூனைக்குச் சில மணி நேரத்திலேயே உடலில் அம்மோனியா நஞ்சு ஏறுவதைக் கண்டனர். 1987-இல் பால் பியான் குழுவினர், டாரின் குறைவால் பூனையின் இதயத் தசை தளர்வதையும், அச்சத்தைத் திரும்பத் தந்தால் பல பூனைகள் தேறுவதையும் வெளியிட்டனர். 2005-இல் வெளியான ஆய்வு, பூனையின் நாவுக்கு இனிப்பை உணரும் திறனே இல்லை என்றது.

ஹதீஸ் அறிவியல் பாடநூல் அன்று. ஆய்வுக்கூடத்தின் சான்று அதற்குத் தேவையும் இல்லை. ஆனால் கஷாஷ் என்னும் ஒரு சொல்லை நாம் கவனத்தோடு படித்திருந்தால், பூனை ஊனுண்ணி என்னும் அடிப்படையை மறந்து பாலும் சோறுமாக ஊட்டியிருக்க மாட்டோம்.

நம் வீடுகளில் நேர்வது

இனி நம் தெருவுக்கு வருவோம். பூனைக்குப் பால் என்பது நம் வழக்கில் ஊறிப்போன எண்ணம். தாய்ப்பாலை மறந்த பின் பெரும்பாலான பூனைகளின் குடலில், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் புளிக்கிறது, வயிற்றுப்போக்கு உண்டாகிறது. பூனை இளைக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் பால் ஊற்றுகிறோம். நோய் நீள்கிறது.

அடுத்தது நம் விருந்து மிச்சம். பிரியாணியும் சால்னாவும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் ஆவதில்லை. இவ்விரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. குர்பானி நாள்களில் வெட்டி எறியும் கொழுப்பும் எலும்புச் சில்லும் குடலைப் புண்ணாக்குபவை. தீங்கு தருவதோடு சேர்த்து வைக்காதீர் என்று இமாம் இஸ்ஸுத்தீன் எழுதியதை நம் குப்பைக்கூடைக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. வீட்டில் ஓவர்லாக் எந்திரம் ஓடுகிறது. பிசிர் வெட்டும் வேலை வாசலில் நடக்கிறது. நூலும் எலாஸ்டிக் துண்டும் தரையெங்கும் கிடக்கின்றன. பூனை நூலோடு விளையாடி அதை விழுங்கிவிடும். ஒரு முனை நாவின் அடியில் சிக்க, மறுமுனை குடலுக்குள் செல்லும். குடல் சுருங்கும்போது நூல் அதை அறுத்துவிடும். வாந்தியெடுக்கும் பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நூல் தெரிந்தால் ஒருபோதும் இழுக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்த வாந்தியை எந்த உணவும் தீர்க்காது. வேலை முடிந்ததும் நூல் துண்டுகளைக் கூட்டி மூடிய பையில் போடுவதே இதற்குத் தடுப்பு.

எளிய வயிற்றுப்போக்கு என்றால், அதாவது பூனை சுறுசுறுப்பாக இருந்து உணவையும் கேட்டால், உணவு முறையே நல்ல துணை. பாலை நிறுத்த வேண்டும். தோலும் எலும்பும் நீக்கிய கோழி இறைச்சியை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவுமின்றி வேகவைத்து, சிறு சிறு அளவாக நாளைக்கு நான்கைந்து முறை தரலாம். டாரின் வேகும் நீரில் இறங்கிவிடும் என்பதால், ஆறிய அந்த நீரையும் சேர்த்தே தருவது நல்லது. தூய நீர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். தேறிய பின் வழக்கமான உணவுக்கு ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். வெறும் கோழி இறைச்சி சில நாள் உணவே. அதில் சுண்ணாம்புச் சத்து முதலியவை போதா.

லங்கணம் பரம ஔஷதம் என்று பூனையைப் பட்டினி போடுவோரும் உண்டு. அது தவறு. பூனை சில நாள் உண்ணாதிருந்தால், குறிப்பாகப் பருத்த பூனையாயின், ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். மனிதருக்குரிய மாத்திரையையும் தரக் கூடாது. பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைப் போக்க வல்லது.

குட்டிப் பூனைக்கு வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, ஒரு நாளுக்கு மேல் உண்ணாமை, சோர்ந்து ஒடுங்குதல் ஆகியவற்றில் எது கண்டாலும் வீட்டு வைத்தியம் போதாது. குடற்புழுவும், குட்டிகளைக் கூட்டமாக மாய்க்கும் பான்லுகோபீனியா என்னும் வைரஸ் நோயும் உணவால் தீர்பவை அல்ல. முன்னதற்கு மருந்தும், பின்னதற்கு முன்கூட்டியே தடுப்பூசியும் உண்டு. அரசு கால்நடை மருந்தகங்கள் நம் சுற்றுவட்டாரத்தில் உள்ளன. நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பைபர்ஸ் காலத்துப் பூனைக்கு உணவு கிடைத்தது, மருத்துவர் கிடைக்கவில்லை. நம் காலத்துப் பூனைக்கு இரண்டும் கிடைக்கும். கொண்டுசெல்லும் கை மட்டுமே தேவை.

கையில் உள்ள அமானிதம்

மாதத்தில் ஒரு நாள் கோழி எடுப்பதற்கே கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு என்பதை நாம் அறிவோம். அவர்களிடம் விலையுயர்ந்த டப்பா உணவை யாரும் எதிர்பார்க்கவில்லை. கறிக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கோழி இதயமும் ஈரலின் சிறு துண்டும் பூனைக்கு நல்ல உணவே. கெய்ரோ நீதிமன்ற முற்றத்தில் பரிமாறப்பட்டதும் அத்தகைய மிச்சமே. அதுவும் இயலாதவர், பேணக்கூடிய வேறொரு வீட்டாரிடம் பூனையை ஒப்படைக்கலாம். காழியின் முற்றம் இன்று இல்லை. ஆயினும் ஒரு மஹல்லாவில் பத்து வீடுகள் சேர்ந்தால் அத்தகைய முற்றம் ஒன்று உருவாகும்.

பிள்ளைகள் நம்மைப் பார்த்தே மார்க்கத்தைக் கற்கின்றனர். மதரஸாவில் பூனையை அடைத்த பெண்ணின் ஹதீஸை ஓதிவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, வாசலில் சாக்கு மூட்டை அசைவதைக் கண்டால் எதை நம்பும்? அதே பிள்ளை தன் அத்தா நோயுற்ற பூனைக்கு மசாலா இல்லாத இறைச்சியைத் தனியே வேகவைத்து ஆற்றிக் கொடுப்பதைக் கண்டால், அந்த ஹதீஸுக்கு வேறு விளக்கவுரை தேவைப்படாது.

நம்மைச் சுற்றி வரும் வாயில்லா உயிர்களின் உரிமையை நிறைவேற்றும் நல்வாய்ப்பை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.